மூஞ்சி இல்லாத பாப்பா

சாலிகிராமத்துல ஒரு தகர ஷெட்டு இருக்கு. உள்ள போனீங்கன்னா இந்தப் பக்கம் ஆறு சிம்மாசனம், அந்தப் பக்கம் பதினோரு பொணம். சிம்மாசனத்து மேல தூசி. பொணத்து மேல வேலைக்காரங்க தொவச்சிக் காயப்போட்ட சட்டை. சினிமாக்காரங்களுக்கு வேணும்ங்கிற சாமானெல்லாம் அங்கதான் பொறக்குது. கோயில் மணி, வெடிகுண்டு, வெள்ளக்காரன் காலத்து டெலிபோன், வில்லனோட மண்ட. பாத்தா பயமா இருக்கும். தூக்கினா எல்லாம் தக்கை.

அந்த ஷெட்டுக்கு மேஸ்திரி பிலோமினான்னு ஒரு அம்மா. நாப்பத்திமூணு வயசு. பேச்சு ரொம்பக் கம்மி, பேசுனாலும் பாதிய வாய்க்குள்ளயே வெச்சிக்குவாங்க. ஆனா கை பேசும். அவங்க செஞ்ச வெட்டுன தல ஒண்ண ஒரு தடவ ஆட்டோல எடுத்துட்டுப் போனாங்க. வடபழனி சிக்னல்ல போலீஸ்காரர் உள்ள எட்டிப் பாத்தாரு. வண்டிய ஓரங்கட்டச் சொல்லல. அவரே போய் ஓரமா ஒக்காந்துட்டாரு. அப்படி ஒரு மூஞ்சி போடுற கை.

சிஷ்யன் பேரு ஏகாம்பரம். சிஷ்யன்னதும் மீச மொளைக்காத பையன்னு நெனச்சிடாதீங்க. மேஸ்திரிய விட ஒம்பது வயசு பெரியவரு, முட்டிக்குத் தைலம் தேய்க்கிற சிஷ்யன். அவங்க இவர அண்ணேம்பாங்க, இவரு அவங்கள மேஸ்திரிம்பாரு.

ஷெட்டுக்கு வர்றதுக்கு முன்ன ஏகாம்பரம் தி.நகர்ல ஜவுளிக்கடை பொம்மைங்களுக்கு மூஞ்சி போட்டுட்டு இருந்தவரு. கண்ணு போட்டா அது நம்மளத் திருப்பிப் பாக்கும். அவரு மூஞ்சி போட்ட பொம்மைகிட்டப் போயி, இந்தப் பொடவ வேற கலர்ல இருக்காம்மான்னு கேட்டுட்டு, திமிரு புடிச்சவ பதிலே சொல்லலன்னு முதலாளிகிட்டப் புகார் குடுத்த பொம்பளைங்க உண்டு. அந்தப் புகார அவரு இன்னிக்கும் மெடல் மாதிரி சொல்லிக்குவாரு.

அவருகிட்ட ஒரு கொழந்த செய்யற வேல வந்துச்சி.

படத்துல ஒரு சீனு. பிள்ள பெத்து இருபது நாள் ஆன பொண்ணு, கொட்டுற மழையில கைக்கொழந்தையோட தெருவத் தாண்டி ஓடுறா. மழைன்னா வானத்து மழை இல்ல, லாரித் தண்ணி. பைப்புல ஏத்தி மேலேர்ந்து அடிப்பாங்க, கல்லு எறியற மாதிரி விழும். அதுல நெஜக் கொழந்தையக் காட்ட முடியாதுன்னு டம்மிக் கொழந்த கேட்டாங்க. பிலோமினா ஏகாம்பரத்தப் பாத்து, நீங்களே பண்ணுங்கண்ணேன்னுட்டாங்க.

மூணு வாரம் பண்ணாரு மனுஷன். சிலிக்கான்ல தோலு. கண்ணு எமைக்கு பிரஷ்லேர்ந்து உருவுன முடி, ஒவ்வொண்ணா ஊசியால குத்தி நட்டாரு. நகத்துல வெள்ளப் பிறை. காது மடல்ல பூன முடி. நெத்திக்குக் கீழ, உத்துப் பாத்தாத் தெரியற மாதிரி ஒரு பச்ச நரம்பு. மூஞ்சி எந்தப் பக்கமும் சாயாம கேமராவப் பாக்கணும்னு கழுத்துல கம்பி குடுத்து நிமுத்தி வெச்சாரு. உள்ள ஃபோம். மொத்தம் முக்கா கிலோ. ஹீரோயின் பொண்ணு பாவம், கை வலிக்கக் கூடாதேன்னு ஒரு நல்ல எண்ணந்தான்.

முடிச்ச அன்னிக்கு பிலோமினா வந்து டேபிளச் சுத்தி ஒரு ரவுண்டு நடந்தாங்க.

"தூக்கிப் பாத்தீங்களாண்ணே?"

"பெயின்ட் காயல மேஸ்திரி."

சரின்னுட்டுப் போயிட்டாங்க.

செவ்வாக்கெழம ஒத்திகை. பெட்டியத் தொறந்ததும் யூனிட்டே ஓடி வந்துச்சி. போட்டோ புடிச்சாங்க, மேக்கப்மேன் கன்னத்துல திருஷ்டிப் பொட்டு வெச்சாரு, லைட்மேன் ஒருத்தர் பாப்பாவுக்குப் பசிக்கப் போவுதுன்னு சத்தமில்லாமப் பேசினாரு. ஏகாம்பரம் ஒரு ஓரமா நின்னு ஒண்ணும் நடக்காத மாதிரி மூஞ்சிய வெச்சிக்கிட்டாரு. உள்ளுக்குள்ள பட்டாசு.

அப்புறம் ஹீரோயின் பொண்ணு வந்து கொழந்தைய வாங்கிச்சி. பேரு மிருணா, கோயமுத்தூர்ப் பொண்ணு, இது அதுக்கு மொத படம். வாங்கி நடந்துச்சி. தண்ணி கேன் எடுத்துட்டு மாடிப்படி ஏறுற மாதிரி இருந்துச்சி. டைரக்டர் இன்னொரு தடவன்னாரு. அணைச்சிப் புடிச்சிப் பாத்துச்சி, ரேஷன் ஆபீசுக்கு ஃபைல் எடுத்துட்டுப் போற மாதிரி ஆயிடிச்சி. ஆறு தடவ நடந்துச்சி. ஆறு தடவையும் கொழந்த சிரிச்ச மூஞ்சியா கேமராவப் பாத்துச்சி, பொண்ணு எங்க பாக்கறதுன்னு தெரியாம தரையப் பாத்துச்சி. கடைசில அதுவே அழுதுடிச்சி. சீனுக்கு வர வேண்டிய அழுக, வெளியில வந்துடிச்சி.

டைரக்டர் கெட்டவர் இல்ல. கத்தல. பொம்மையத் தூக்கிட்டுப் போற மாதிரியே இருக்குதேன்னு மானிட்டரப் பாத்துச் சொன்னாரு, அவ்ளோதான். ஏகாம்பரத்துக்கு அந்த வார்த்த எமையில குத்தின ஊசி மாதிரி எறங்கிடுச்சி. எம முடி பத்தலயோன்னுதான் அப்பவும் நெனச்சாரு.

அங்கதான் புரொடக்ஷன் மேனேஜர் வாயத் தொறந்தாரு. நெஜக் கொழந்த ஒண்ணு கைவசம் இருக்குன்னாரு.

ஜெனரேட்டர் வண்டில வேல செய்யற பையனோட சம்சாரம், சுகன்யான்னு பேரு. கொழந்த பொறந்து இருபத்திரெண்டு நாள். கூப்பிட்டுக் கேட்டாங்க. ரெண்டே ஷாட்டும்மான்னாங்க. நாங்க துண்டோட பக்கத்துலயே நிப்போம்னாங்க. தண்ணியச் சூடு பண்ணித் தரோம்னாங்க. பன்னெண்டாயிரம் லிட்டர் லாரித் தண்ணிய எந்த அடுப்புல வெச்சிச் சூடு பண்றதுன்னு யாரும் கேக்கல. சுகன்யா புருஷனப் பாத்தா. அவன் மேனேஜரப் பாத்தான். அவ தலைய ஆட்டிட்டா. வேணாம்னு சொன்னா அவன் வேலைக்கு என்னா ஆவுமோன்னு இருக்கறவ வேற எந்தப் பக்கம் ஆட்டுவா?

ஆட்டிட்டு, கொழந்தையோட தொப்பிய இழுத்து இழுத்துக் காத மூடிட்டே இருந்தா. அன்னிக்குக் காத்தே இல்ல.

ஏகாம்பரம் அதப் பாத்துட்டாரு. நேராப் போயி டைரக்டர்கிட்ட நின்னு, வியாழக்கெழம காலைல எட்டு மணி வரைக்கும் டைம் குடுங்கன்னாரு. டைரக்டர் கண்ணத் தேச்சிக்கிட்டு, பச்சப் புள்ளய நனைக்கறதுல எனக்கு மட்டும் ஆசையா சார், பொம்மை மாதிரித் தெரியாத ஒண்ணக் குடுங்க, அதையே எடுத்துடறேன்னாரு. எட்டு மணிக்கு மேல முடியாது, லாரி வந்துடும்.

புதன்கெழம விடிஞ்சதும் ஏகாம்பரம் ஷெட்டுல இருந்தாரு. பிலோமினா ஒரு கோயில் மணிக்குப் பச்சக் களிம்பு பூசிட்டு இருந்தாங்க.

ஷெட்டுல ஒரு பேச்சு ரொம்ப நாளா ஓடுது. பதினெட்டு வருஷத்துக்கு முன்ன இதே மாதிரி ஒரு மழை சீனுக்கு மேஸ்திரி ஒரு டம்மிக் கொழந்த செஞ்சாங்களாம். தியேட்டர்ல அந்த சீன் வந்தப்ப பொம்பளைங்க முந்தானைய எடுத்து வாயில வெச்சிக்கிட்டாங்களாம். பக்கத்து சீட்டுக்காரர் கொடை விரிச்சாருன்னு கூட ஒருத்தன் சொல்லுவான், அவன் எல்லாத்தையும் அப்படித்தான் சொல்லுவான். ஆனா அந்தக் கொழந்த ஷெட்டுலதான் இருக்கு. மேல பரண்ல.

"மேஸ்திரி, அந்த ஒரிஜினல நான் பாக்கணும்."

பிலோமினா கையத் தொடச்சிட்டு ஏணில ஏறினாங்க. எறங்க ரொம்ப நேரம் ஆச்சி. ஒரு கை ஏணியில, ஒரு கையால தோள்ல சாத்தின மூட்டை, ஒவ்வொரு படியா. நமக்குத்தான் முட்டி வலின்னு நெனச்சோம், மேஸ்திரிக்கும் வந்துடிச்சா பாவம்னு ஏகாம்பரம் நெனச்சாரு. டேபிள் மேல படுக்க வெச்சிட்டு அவங்க மணிக்கே திரும்பிப் போயிட்டாங்க.

பழைய நீலக் கட்டம் போட்ட லுங்கி. பிரிச்சாரு.

உள்ள ஒரு துணிமூட்ட.

கண்ணு இல்ல. மூக்குன்னு சொல்ல ஒரு சின்னப் புடைப்பு. வாய் இல்ல. கைக்கு வெரலே கிடையாது, தோச திருப்பற கரண்டி மாதிரி ரெண்டு முடிஞ்சி விட்டிருக்கு. முதுகுல சாக்கு தைக்கிற நூல்ல தையலு. ஜவுளிக்கடையில இத நிறுத்தினா கஸ்டமர் கடைய விட்டு ஓடிடுவான்.

"இது தூரத்து ஷாட்டுக்கா மேஸ்திரி?"

"எல்லா ஷாட்டுக்கும்."

"கிட்டத்துல காட்டறதுக்கு வேற ஒண்ணு?"

"இது ஒண்ணுதான்."

ஏகாம்பரம் நம்பல. மேஸ்திரி எதையோ ஒளிக்கறாங்கன்னு பட்டுது. சரி, ரகசியம் இதுக்குள்ளயே எங்கயோ இருக்கும், நம்ம கண்ணுக்குத் தப்பாதுன்னு எறங்கினாரு. மண்பான சுத்தற மாதிரி சுத்துற பலகை ஒண்ணு வெச்சிருப்பாரு. லுங்கியோட சேத்து இழுத்து அது மேல வெச்சாரு. இந்தப் பக்கம் ஒரு லைட்டு, அந்தப் பக்கம் ஒரு லைட்டு. நகைக் கடைக்காரன் வெச்சிருக்கிற பூதக்கண்ணாடி. நோட்டு. காதுல பென்சில். ஒரிஜினல்ல கை படக்கூடாதுன்னு அவருக்கு ஒரு மரியாத வேற. பலகையத்தான் சுத்தினாரு. முதுகப் பாக்கணும்னா லுங்கிய ஒரு பக்கமா இழுத்து உருட்டினாரு. பொருள் மேல ஒத்த வெரல் படல.

நோட்டுல எழுதினாரு. துணி: காடா. நெறம்: டீத்தண்ணியில ஊற வெச்சது. முதுகுத் தையல்: இருநூத்திப் பதினாலு. எடது கால் வலது கால விட ரெண்டு நூல் நீளம். மூஞ்சிப் பக்கம் துணி கொஞ்சம் நைஞ்சிருக்கு. எடது கண்ணு வர வேண்டிய எடத்துல முடி மாதிரி ஒரு பழுப்புக் கோடு, வாய் வர வேண்டிய எடத்துல லேசா ரோஸ். அத ரொம்ப நேரம் பாத்துட்டு, 'கறை, டீயா இருக்கலாம்'னு எழுதினாரு.

நடுநடுல மேஸ்திரியக் கேட்டுட்டே இருந்தாரு. காடா எந்தக் கடைன்னாரு. மறந்துட்டேன்னாங்க. எத்தன நாள் வேலன்னாரு. மூணு நாளுன்னாங்க. மூணு வாரம் உக்காந்தவருக்கு அது நெஞ்சில இடிச்சிச்சி. அந்த எடது கால் நீளமா இருக்கறது வேணும்னு செஞ்சதான்னு கேட்டாரு. இல்லண்ணே, தப்பு ஆயிடிச்சின்னாங்க. அதையும் எழுதிக்கிட்டாரு.

நாலு மணி நேரம். கண்ணுல தண்ணி வந்துடிச்சி. சுகன்யா தொப்பிய இழுத்தது வேற அப்பப்ப வந்து வந்து போவுது. கடைசில பூதக்கண்ணாடியக் கீழ வெச்சாரு.

"இதுல ஒண்ணுமே இல்ல மேஸ்திரி. எதப் பாத்து அழுதாங்க?"

வாசல்ல கேரியர் வந்துடிச்சி. ஷெட்டுல சாப்பாடு போடறது அந்த ஒரு டேபிள்லதான்.

"சாப்பாடு வந்துடிச்சிண்ணே. அத எடுத்து அந்தப் பக்கம் வெச்சிடுங்க."

ஏகாம்பரத்துக்குக் கடுப்பு. நாம உசுரக் குடுத்துக் கேக்கறோம், இவங்களுக்கு சாம்பார் முக்கியம். அந்தக் கடுப்புலயே, மரியாதையெல்லாம் போயி, துணிப்பொட்டலம் தூக்குற மாதிரி ஒத்தக் கையால வெடுக்குன்னு தூக்கினாரு.

தல பின்னாடி தொங்கிப் போச்சி.

அடுத்த கை எப்ப வந்துச்சின்னு அவருக்கே தெரியாது. கழுத்துக்குக் கீழ போயி நின்னுச்சி. முட்டி மடங்குச்சி, தோளு முன்னாடி வந்துச்சி, ஒடம்பு மொத்தமும் அத நெஞ்சோட வாங்கிக்கிச்சி. கனம்னா அப்படி ஒரு கனம். கல்லு கனம் இல்ல. கை மாத்தினா அதுவும் எடம் மாறுற கனம்.

எழும்பூர் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துடிச்சி. இருபத்தஞ்சி வருஷம் ஆச்சி. நர்சு அவரு பொண்ணக் கொண்டாந்து கையில குடுத்துட்டு, யோவ், தலையப் புடிய்யா, தேங்காயா வாங்கறன்னு வார்டே கேக்கறாப்பல திட்டினா. அந்தப் பொண்ணு இப்ப ஓசூர்ல வேல பாக்குது, ஞாயித்துக்கெழம போன் பண்ணும். கைக்கு அதெல்லாம் தெரியல. கை இன்னும் ஆஸ்பத்திரி வராண்டாலயே நிக்குது.

எங்க வெக்கறதுன்னு பாத்தாரு. பெஞ்சுல ஆணி நீட்டிட்டு இருக்கு. நாற்காலி ஆடும். சிம்மாசனத்துகிட்டப் போனாரு, முழங்கையால தூசியத் தட்டினாரு, மனசு வரல. ஆறு சிம்மாசனம் இருக்கற எடத்துல ஒரு துணிமூட்டைய வெக்க எடம் இல்லாம மனுஷன் சுத்திச் சுத்தி வந்தாரு.

மேஸ்திரி சோத்தப் பெசைஞ்சிட்டு இருந்தாங்க.

"சாப்பிட வரலயாண்ணே?"

"இருங்க மேஸ்திரி, தூங்..."

பாதியில நாக்கக் கடிச்சிக்கிட்டாரு. ஷெட்டுல யாரும் சிரிக்கல. கார்பென்டர் மட்டும் அப்பளத்த சத்தம் வராம ஒடச்சாரு.

ஏகாம்பரம் நின்னுக்கிட்டேதான் கேட்டாரு. ஒரு கை அடியில, ஒரு கை கழுத்துல.

"தலையில என்னா?"

"ஈயம்."

"ஒடம்புல?"

"ஆத்து மணலு. சலிச்சி, வறுத்தது."

"கழுத்துல?"

"ஒண்ணும் வெக்கல."

ஏகாம்பரத்துக்குத் தான் வெச்ச கம்பி ஞாபகம் வந்துச்சி. எத்தன கிராம் ஈயம், எத்தன கிராம் மணலுன்னு கேட்டுக்கிட்டே காதுல இருந்த பென்சிலுக்குக் கைய எடுக்கப் பாத்தாரு. எடுக்க முடியல. எடுத்தா தல தொங்கிடும்.

"கிராம் தெரியாதுண்ணே. கை தானா கழுத்துக்குப் போற வரைக்கும் போட்டேன். போனதும் நிறுத்திட்டேன்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டேனே."

"என்னா கேட்டீங்க?"

"தூக்கிப் பாத்தீங்களான்னு."

சாப்பிடாமயே ஏகாம்பரம் தன் கொழந்தைய எடுத்து டேபிள்ல வெச்சாரு. கத்திய எடுத்தாரு. கத்திய எடுத்துட்டுக் கொஞ்ச நேரம் அந்த எம முடியப் பாத்துக்கிட்டு இருந்தாரு. மூணு வாரம் ஊசி ஊசியா நட்டது. அப்புறம் கழுத்தச் சுத்தி அறுத்தாரு. கம்பிய உருவினாரு. ஃபோம நோண்டி எடுத்தாரு. கழுத்துக்கு வெறும் துணி குடுத்துத் தச்சாரு. உள்ள மணலு, தலையில ஈயம்.

அதுல ஒரு சிக்கல் வந்துச்சி. அவரு கைக்குத்தான் விஷயம் தெரிஞ்சி போச்சே, அது இப்ப முன்னாடியே போயி கழுத்தப் புடிச்சிக்குது. அத நம்ப முடியாது. கார்பென்டரக் கூப்பிட்டு, இதக் கொஞ்சம் புடிப்பான்னாரு. கார்பென்டர் ஒத்தக் கையால வாங்கினாரு. பத்தல. தலையில இன்னும் கொஞ்சம் ஈயம். பெயின்டரக் கூப்பிட்டாரு. பாதிக் கை வந்துச்சி, பாதியிலயே நின்னுடிச்சி. இன்னும் கொஞ்சம். சாயங்காலம் டீக்காரர் வந்தாரு. ரெண்டு கையிலயும் கேன். இதக் கொஞ்சம் புடிங்கன்னு சட்டுனு நீட்டினாரு ஏகாம்பரம். டீக்காரர் ஒரு கேனக் கீழ போட்டே போட்டாரு, கழுத்துக்குக் கீழ கையக் குடுத்துட்டாரு. தரையெல்லாம் டீ. என்னா சார் இப்படிக் குடுக்கறீங்க, தல தொங்குதுல்லன்னு டீக்காரர் கோவமாக் கேட்டாரு.

ஏகாம்பரம் மிச்ச ஈயத்த எடுத்து வெச்சிட்டாரு. எல்லாருக்கும் அன்னிக்கு டீ இல்ல.

கழுத்துத் தையல் பாக்கவே அசிங்கமா இருந்துச்சி. எடது கண்ணுல பாதி எம உதுந்து போயிருந்துச்சி. ஒரு டர்க்கி டவலச் சுத்தினாரு, விட்டுட்டாரு.

வியாழக்கெழம ஏழே முக்காலுக்கு லாரி வந்து நின்னுச்சி. பைப்புல தண்ணி விட்டுப் பாத்தாங்க. அந்த எரைச்சல்ல, ஜெனரேட்டர் வண்டி நெழல்ல சுகன்யா மடியில கெடந்த பாப்பா தூக்கிவாரிப் போட்டு அழுதுச்சி. ஒருத்தர் துண்டோட பக்கத்துல நின்னாரு. சொன்ன வாக்கு காப்பாத்தறாராம்.

டைரக்டர் ஏகாம்பரம் கையில இருந்தத எட்டிப் பாத்தாரு. அதே பொம்மைதானே சார் இதுன்னு கேட்டாரு. குரல்ல கோவம் இல்ல, அலுப்பு. ஏகாம்பரம் மிருணாகிட்டப் போயி, கொஞ்சம் புடிம்மான்னாரு.

பொண்ணு செவ்வாக்கெழம மாதிரியே கைய நீட்டுச்சி. தல சரிஞ்சிச்சி.

"அய்யோ"ன்னு மெதுவா ஒரு சத்தம். கை போயிடிச்சி. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு ஏகாம்பரத்தப் பாக்கல, டைரக்டரப் பாக்கல, கேமராவையும் பாக்கல.

தண்ணி விட்டாங்க. டைரக்டர் சொல்லிக் குடுத்தது நேரா, மூஞ்சி தெரியற மாதிரி ஓடணும்னு. அது ஓடல. முதுகத் தண்ணிக்குக் காட்டிட்டு, கூனிக்கிட்டு, பக்கவாட்டுல நடந்துச்சி. தண்ணி அதும்மேல கல்லு கல்லா விழுது. ஒரு எடத்துல கால் சறுக்குச்சி, முட்டி தரையில இடிச்சிது, கை மட்டும் அசையல. நிக்க வேண்டிய எடத்தத் தாண்டிப் போயி, காம்பவுண்டு செவுத்தோரம் குந்திக்கிட்டு, தன் ஒடம்பையே கூரையாக்கி அத மூடிக்கிச்சி. டைரக்டர் கட் சொல்ல மறந்துட்டாரு. தண்ணிக்காரர் தானா வால்வ மூடினதும்தான் எல்லாருக்கும் மூச்சு வந்துச்சி.

டைரக்டர் போதும்னு சன்னமாச் சொன்னாரு. நெஜக் கொழந்தைய வீட்டுக்கு அனுப்பச் சொன்னாரு. சுகன்யா எழுந்து, யாரையும் பாக்காம, விறுவிறுன்னு கேட்டத் தாண்டிப் போயிட்டா. பாப்பாவோட தொப்பி காஞ்சே இருந்துச்சி.

அதுக்கப்புறம் ஒண்ணு நடந்துச்சி. மிருணா பொம்மைய அசிஸ்டென்ட் பொண்ணுகிட்டக் குடுத்துச்சி. குடுக்கறப்ப, தல பாத்துன்னுச்சி. அந்தப் பொண்ணு லைட்மேன்கிட்டக் குடுத்துச்சி, தல பாத்துண்ணே. லைட்மேன் மேக்கப்மேன்கிட்ட. மேக்கப்மேன் டைரக்டர்கிட்ட. டைரக்டர் அத ஏகாம்பரத்துகிட்டக் கொண்டாந்து நீட்டி, தல பாத்து சார்னாரு. அப்புறம் தானே சிரிச்சிக்கிட்டாரு. சிரிச்சாரே தவிர, ஏகாம்பரம் கை சரியா வந்து புடிக்கற வரைக்கும் தன் கைய எடுக்கல.

வெள்ளிக்கெழம ஏகாம்பரம் ஷெட்டுல உக்காந்து மேஸ்திரிக்கு எல்லாம் சொன்னாரு. செவுத்தோரம் குந்தினது, தொப்பி, துண்டுக்காரர், ஒண்ணு விடல. கடைசில கொஞ்சம் வருத்தமும் சொன்னாரு. மொத்த சீன்லயும் கொழந்த மூஞ்சி ஒரு எடத்துல கூடத் தெரியல. பாதி எம போச்சேன்னு ராத்திரியெல்லாம் வேதனப்பட்டது வீண். மீதி எமைய நட்டதும் வீண். பிலோமினாவுக்குச் சிரிப்பு வந்துடிச்சி. வந்தத வாய்க்குள்ளயே வெச்சிக்கிட்டாங்க.

டேபிள் மேல அந்தப் பழைய கொழந்த. ஏகாம்பரம் லுங்கிய விரிச்சாரு. இப்ப பலகையில வெச்சுச் சுத்தல. கையில எடுத்து மடியில போட்டுக்கிட்டுதான் லுங்கியச் சுத்தினாரு. சுத்துறப்ப அந்த மூஞ்சிய, மூஞ்சி இருக்க வேண்டிய எடத்த, இன்னொரு தடவ பாத்தாரு.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கறேன். வெட்டுன தலைக்கே போலீஸ்காரர் ஒக்கார்ற மாதிரி மூஞ்சி போட்ட கை உங்களது. இதுக்கு ஏன் போடல?"

"போட்டேன்."

ஏகாம்பரம் நோட்டுல எழுதினது ஞாபகம் வந்துச்சி. எடது கண்ணுகிட்ட முடி மாதிரி ஒரு கோடு. வாய்கிட்ட ரோஸ். நைஞ்ச துணி.

"அழிச்சிட்டீங்களா?"

"தின்னர் போட்டு."

"நல்லா வரலயா?"

பிலோமினா பிரஷ்ஷக் கீழ வெச்சாங்க. அந்தப் படத்துல அம்மாவா நடிச்சவங்க ஷூட்டிங்குக்கு மொத நாள் இங்க ஷெட்டுக்கே வந்தாங்களாம். கொழந்தைய எடுத்துக் குடுத்தாங்களாம். தலைக்குக் கையக் குடுத்து, சரியா வாங்கினாங்களாம். மூஞ்சியப் பாத்தாங்களாம். ரொம்ப நல்லா இருக்கும்மா, ரொம்ப நல்லா இருக்குன்னு ரெண்டு தடவ சொல்லிட்டு, திருப்பிக் குடுத்துட்டு, காருக்குப் போயிட்டாங்களாம். அப்புறமா டிரைவர்தான் வந்து சொன்னாராம். பொறந்தது தங்காம, அவங்க வீட்டுல தொட்டிலக் கழட்டி ஆறு மாசந்தான் ஆவுதுன்னு.

ஷெட்டு மேல ஒரு காக்கா தகரத்துல நடந்து போச்சி.

கண்ணு, மூக்குன்னு காலமெல்லாம் போட்ட கை ஏகாம்பரத்துக்கு. அது சும்மா இருக்குமா.

"வேற மூஞ்சி போட்டுக் குடுத்திருக்கலாம்ல மேஸ்திரி?"

"எந்த மூஞ்சின்னு அவங்களப் போயி எப்படிண்ணே கேக்கறது?"

ஏகாம்பரம் மூட்டையத் தோள்ல சாத்திக்கிட்டு எழுந்தாரு. ஏணி வரைக்கும் போனாரு. ஏறணும்னா ஒரு கைய எடுக்கணும். அங்கயே நின்னுட்டு இருந்தாரு.